வாய் விட்டுச் சொல்லாத வலி

திருவண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஓர் அசௌகரியமும் உண்டு. உறவுக்காரர்களைக் கடிதம் போட்டு அழைக்க வேண்டியதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி தாமாகவே வந்து விடுவார்கள். இது சௌகரியம். வந்தவர்களோடு நாமும் கிரிவலம் கிளம்பியாக வேண்டும். "உள்ளூர்க்காரி நீயே வராவிட்டால் எப்படி?" என்பார்கள். மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர், வெறுங்காலோடு. இது அசௌகரியம்.

மூன்று வருஷங்களுக்கு முன், அப்படி ஒரு பௌர்ணமி இரவில் என் நாத்தனார் குடும்பத்தோடு நானும் கிளம்பினேன். இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம் வரையில் பேச்சும் சிரிப்புமாகப் போயிற்று. நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் பேச்சு நின்றது. என் பேச்சைத்தான் சொல்கிறேன். நாத்தனாரின் பேச்சு எந்த லிங்கத்திலும் நிற்கவில்லை. ஆதி அண்ணாமலைக் கோயில் திண்ணையில் சற்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் வலி கூடிற்று. எழுந்து நின்றேன். நின்றாலும் வலித்தது. பல்லைக் கடித்துக் கொண்டு நடந்தேன்.

குபேர லிங்கத்தைத் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார் கோயில். பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னஞ்சிறு கல் மண்டபம். அதற்குள்ளே ஒரு சந்து. நிமிர்ந்து போக முடியாது. குனிந்தும் போக முடியாது. ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். நரம்புக் கோளாறும் இடுப்பு வலியும் தீரும், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

"அண்ணி, உங்கள் இடுப்பு வலிக்கு இதை விட்டால் வேறு மருந்து கிடையாது. புகுந்து வாருங்கள்" என்று நாத்தனார் என்னை முன்னே தள்ளினாள்.

புகுந்தேன். பாதி தூரம் போனதும் மாட்டிக் கொண்டேன். முன்னேயும் போக முடியவில்லை. பின்னேயும் போக முடியவில்லை. பயத்தில் மூச்சு நின்று விட்டது. கை, கால், வயிறு எல்லாம் கல்லாக இறுகிப் போயின. வெளியிலே வரிசையில் நின்ற ஜனங்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அப்போது எனக்குப் பின்னால் வந்து கொண்டிருந்த ஒரு கிழவியின் குரல் கேட்டது.

"இறுக்காதே தாயீ! பிடிச்சு வச்சிருக்கிற மூச்சை விடு. உடம்பை லேசா விடு. தானா நழுவும்."

மூச்சை விட்டேன். உடம்பைத் தளர்த்தினேன். என்ன ஆச்சரியம்! ஒரு சாண் நழுவினேன். இன்னொரு சாண். வெளியே வந்து விட்டேன்.

வலி அன்றைக்குத் தீரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? ஆனால் அந்தக் கிழவி சொன்ன அதே வார்த்தைகளை, ஆறு மாதம் கழித்து, வேலூரில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அந்தச் சங்கதியைத்தான் என் சகோதரிகளுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

*

முதலில் ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். எனக்கு இருந்தது இடுப்பு வலியே அல்ல. இடுப்பு வலி கௌரவமான வலி. பத்துப் பேர் நடுவில் சொல்லலாம். தைலம் கொண்டு வந்து கொடுப்பார்கள். என் வலி அதற்கும் கீழே. தொப்புளுக்குக் கீழே ஆரம்பித்து, தொடை இடுக்கு, உட்காரும் இடம், வால் எலும்பு வரை பரவுகிற வலி. சில நாள் எரிச்சல், சில நாள் குத்தல், சில நாள் உள்ளே யாரோ துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கல். இதை எந்தப் பெயரிட்டு யாரிடம் சொல்வது? ஆகவே எல்லாரிடமும் "இடுப்பு வலி" என்று சொல்லி வைத்தேன். பொய் சொன்னால் பலன் என்ன? இடுப்புக்குத்தான் தைலம் கிடைத்தது.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. காலை எட்டரை மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான் வெளியே வருவேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே ஆசிரியைகளுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையின் லட்சணத்தைப் பற்றியும் வேண்டாம். பல வருஷங்கள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்து, வந்ததையும் அடக்கிக் கொண்டு, வீட்டுக்கு ஓடி வருவேன். நாற்பத்து மூன்றாவது வயதில் மூத்திரக் கடுப்பு வந்தது. மருந்து சாப்பிட்டதும் போய் விட்டது. ஆனால் வலி மட்டும் குடித்தனக்காரர் காலி செய்த பிறகும் போகாத உறவுக்காரர் மாதிரி தங்கி விட்டது.

மூன்று வருஷம் தங்கியது. நாற்காலியில் பாதி உட்கார்ந்து பாடம் நடத்தினேன். சினிமாவுக்குப் போவதை நிறுத்தினேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காராமல் பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்கிக் கொண்டேன், "எவ்வளவு பொறுப்பு!" என்று பாராட்டினார்கள். கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்த வலி வந்து நின்றது. இதற்கு மேல் எழுத வேண்டாம்; புரிந்தவர்களுக்குப் புரியும். என் வீட்டுக்காரர் நல்லவர். தம்மேல் எனக்கு ஏதோ கோபம் என்றே அவர் நினைத்துக் கொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. மூத்திரப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை, இரண்டு முறை ஸ்கேன். எல்லாம் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றார்கள். "ஒன்றுமில்லை" என்பதைப் போல ஆறுதலான வார்த்தையும் கிடையாது. அதைப் போல் புண்படுத்துகிற வார்த்தையும் கிடையாது. ஒரு டாக்டர், "வயசாகிறது அல்லவா? மனசை வேறு எதிலாவது செலுத்துங்கள்" என்றார். மற்றொருவர், "கர்ப்பப்பையை எடுத்து விட்டால் தொல்லை விட்டது" என்றார். கர்ப்பப்பையில் ஒரு குற்றமும் இல்லை என்று அவர் கையிலிருந்த காகிதமே சொல்லிற்று!

இதற்கிடையில் செல்போனில் ஒரு வைத்தியம் கிடைத்தது. பெண்கள் எல்லோரும் அடி இடுப்புத் தசைகளைச் சுருக்கிச் சுருக்கி விட வேண்டும், தினம் நூறு தடவை, சகல கோளாறும் தீரும் என்று ஒரு அம்மாள் புன்னகையோடு சொன்னாள். பஸ்ஸில் போகும்போதும் சுருக்கினேன். சாம்பார் கொதிக்கும்போதும் சுருக்கினேன். இரண்டு வாரத்தில் வலி இரட்டிப்பாயிற்று. கிரிவலத்தில் நான் பல்லைக் கடித்துக் கொண்டு நடந்தேனே, அது அந்தச் சமயந்தான்.

*

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் மகள் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், நான் நாற்காலி நுனியில் உட்காருவதைப் பார்த்து விட்டாள். தனியே அழைத்து நாலு கேள்வி கேட்டாள். அத்தனை வருஷத்தில் அப்படிப் பளிச்சென்று கேட்டது அவள் ஒருத்திதான்.

"அத்தை, நீங்கள் பிஸியோதெரபிக்குப் போனீர்களா?" என்றாள்.

"அது பக்கவாதம் வந்தவர்களுக்கு அல்லவா?" என்றேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 2021-ம் வருஷம் அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு தேடி வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையையும் அதில் சேர்த்திருந்தார்கள். எங்கள் தெருவில் கை கால் விழுந்த ஒரு பெரியவருக்கு வந்து செய்ததைப் பார்த்திருக்கிறேன். கைக்கும் காலுக்கும் தசை உண்டு, பயிற்சியும் உண்டு. வெளியே சொல்ல முடியாத இடத்துக்குக் கூடவா பயிற்சி?

"அங்கேயும் தசைதானே இருக்கிறது, அத்தை?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேலூருக்குப் புறப்பட்டோம். போளூர், கண்ணமங்கலம் வழியாகச் சுமார் 80 கிலோ மீட்டர். பஸ்ஸில் பாதி வழி நின்று கொண்டே வந்தேன். வேலூரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் ஞாபகம் வரும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த அம்மாளின் கதையைச் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தவர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் விட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழு நோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்று ஒரு துறையையே நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. மருந்தும் கத்தியும் முடிந்த இடத்திலிருந்து ஒருவரை எழுப்பி நடக்க வைப்பதும் வைத்தியந்தான் என்று நம் பக்கத்து ஜனங்களுக்குக் காட்டிய ஊர் அது. 'நம்மையும் எழுப்பி உட்கார வைக்காதா?' என்று நினைத்துக் கொண்டேன். உட்கார முடிந்தால் போதும் என்றிருந்த காலம்!

*

நாங்கள் போன ஆஸ்பத்திரியில், முதலில் ஒரு பெண் டாக்டர் என்னை மறுபடியும் முழுவதும் பரிசோதித்தார். இது முக்கியம். அடி வயிற்று வலிக்குக் காரணம் பல. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியே வளர்வது, நீர்க்கட்டி, நார்க்கட்டி, கிருமி, கல், குடல் கோளாறு என்று எத்தனையோ. அவற்றைப் பார்க்காமல் நேரே பயிற்சிக்குப் போவது தவறு. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் சொன்னார்: "ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. தசைப் பிடிப்பு ஸ்கேனில் சுலபமாகத் தெரியாது."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே போளூர் வழியை நடந்தே கடந்திருக்கலாம்.

பிஸியோதெரபி அறையில் இருந்தது முப்பது வயதுப் பெண். ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் போகிறீர்கள்? மலச்சிக்கல் உண்டா? பிரசவத்தில் தையல் போட்டார்களா? எப்படி உட்காருகிறீர்கள்? பயம் வந்தால் உடம்பில் எந்த இடம் இறுகுகிறது? பிறகு நான் நிற்பதைப் பார்த்து விட்டு, "அம்மா, நீங்கள் எப்போதும் வயிற்றை எக்கிக் கொண்டே நிற்கிறீர்கள். தெரியுமா?" என்றாள். தெரியாது. பல வருஷங்களாக எக்கிக் கொண்டிருந்திருக்கிறேன்!

அவள் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். குழந்தைக்குப் புடைவையில் தூளி கட்டுகிறோம் அல்லவா? நம் இடுப்பு எலும்புக் கூட்டின் அடியில், முன் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, அப்படி ஒரு தசைத் தூளி கட்டியிருக்கிறது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. நாம் மூச்சை இழுக்கும்போது அது சற்று இறங்கித் தளர வேண்டும். மூச்சை விடும்போது மேலே எழ வேண்டும். அடக்கி அடக்கி வைப்பவர்களுக்கும், வலிக்குப் பயந்து இறுக்கிக் கொள்பவர்களுக்கும் அந்தத் தூளி தளருவதையே மறந்து விடுகிறது. கை விரல்களை நாள் முழுவதும் முஷ்டியாக மூடி வைத்தால் வலிக்காதா? அதே வலிதான். வலித்தால் இன்னும் இறுக்குகிறோம். இறுக்கினால் இன்னும் வலிக்கிறது.

செல்போன் வைத்தியத்தைச் சொன்னேன். சிரித்தாள். "அந்தப் பயிற்சி பொய்யில்லை, அம்மா. 1948-ல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது. பிரசவத்துக்குப் பிறகு தசை தளர்ந்து, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு நல்லது. உங்களுக்கு இருப்பது தளர்ச்சி இல்லை, இறுக்கம். கெண்டைக்காலில் சதை பிடித்துக் கொண்டால் நீட்டி விடுவீர்களா, இன்னும் முறுக்குவீர்களா?"

பிறகு என் சம்மதத்தைக் கேட்டுக் கொண்டு, கதவைத் தாழிட்டு, கையுறை அணிந்து பரிசோதித்தாள். "வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் நிறுத்தி விடுவேன். விருப்பமில்லை என்றால் வெளியிலிருந்தே செய்கிற வழியும் இருக்கிறது" என்று முன்னாலேயே சொல்லி விட்டாள். ஓர் இடத்தில் அவள் விரல் பட்டதும் துள்ளி விட்டேன்.

"இதுதானே உங்கள் வலி?" என்றாள்.

அதுதான். அதே வலி. அழுது விட்டேன். வலி தாங்காமல் அழவில்லை. மூன்று வருஷமாக ஒருவரும் நம்பாத ஒன்றை ஒருத்தி விரல் வைத்துக் காட்டி விட்டாளே என்று அழுதேன். அவள் என் தோளைத் தட்டி, "இறுக்காதீர்கள் அம்மா. மூச்சை விடுங்கள். லேசாக விடுங்கள்" என்றாள்.

எனக்கு இடுக்குப் பிள்ளையார் கோயில் கிழவியின் குரல் கேட்டது.

*

சிகிச்சை என்றால் மந்திரமில்லை. வாரத்துக்கு ஒரு முறை, பன்னிரண்டு வாரம். அவள் பிடித்திருந்த தசைகளை ஒவ்வொன்றாக அழுத்தித் தளர்த்துவாள். பிரசவத் தையல் தழும்பை நீவி விடுவாள். மீதி எல்லாம் வீட்டில் நான் செய்ய வேண்டியது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு மெல்ல உப்பும்படி மூச்சை இழுத்து, அடி இடுப்பு மலருகிற மாதிரி தளர விட வேண்டும். காலையில் பத்து நிமிஷம், இரவில் பத்து நிமிஷம். இரண்டு முழங்காலையும் மார்போடு அணைத்துக் கொள்வது ஒரு பயிற்சி. மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிடுகிற மாதிரி படுத்திருப்பது ஒன்று. வலிக்கும் நாளில் வெந்நீர்ப் பை. கழிப்பறையில் முக்கக் கூடாது. மேல் நாட்டு மாதிரி இருக்கையானால் காலுக்கடியில் ஒரு முக்காலி. தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று அரை மணிக்கு ஒரு தரம் ஓடவும் கூடாது.

நடை விஷயத்தில் ஒரு வேடிக்கை. "ஒரேயடியாக நடக்காதீர்கள், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்" என்றாள். எங்கள் ஊரில் அளவுகோலுக்கா பஞ்சம்? முதல் வாரம் அக்னி லிங்கம் வரை, ஆட்டோவில் திரும்பினேன். சில வாரம் கழித்து எம லிங்கம். "எம லிங்கம் வரை போய்த் திரும்பி வந்து விட்டேன்" என்று வேலூரில் சொன்னபோது அந்தப் பெண் பயந்தே போய் விட்டாள்!

நடுவில் சறுக்கலும் உண்டு. இரண்டாவது மாதம் ஒரு முகூர்த்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் பழைய வலி முழுசாகத் திரும்பி வந்தது. எல்லாம் வீண் என்று படுத்து விட்டேன். "தசைக்குப் பழைய வழக்கம் ஞாபகம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்றும் கெட்டுப் போகவில்லை" என்றாள் அவள். இன்னொன்றும் சொன்னாள். 2012-ல் வட அமெரிக்காவில், மூத்திரப்பை வலியோடு இந்தத் தசைப் பிடிப்பும் உள்ள 81 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்களாம். உடம்பு முழுவதும் சாதாரணமாகப் பிடித்து விட்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குக் குணம் தெரிந்தது. இந்தத் தசைகளையே குறி வைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கு. எல்லாருக்கும் அல்ல என்பதை அவள் மறைக்கவில்லை. அதனால்தான் அவளை நம்பினேன்.

பத்துக்கு எட்டு என்றிருந்த வலி, மூன்று மாதத்தில் மூன்றுக்கு வந்தது. இப்போது பெரும்பாலான நாட்களில் அதை நான் நினைப்பதே இல்லை. முழுசாக ஒழிந்தது என்று சொன்னால் பொய். ஆனால் சினிமாவில் இடைவேளை வரை உட்காருகிறேன். பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடுகிறேன். என் வீட்டுக்காரரும் நானும் பழையபடி சிரித்துப் பேசுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோடு வலி, தாங்க முடியாத திடீர் வலி, நாள் தள்ளிப் போயிருக்கும்போது வலி, மூத்திரத்தில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப் போக்கு, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சி, மூச்சு என்று உட்காராமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

*

இந்தக் கதையில் நான் எதிர்பாராத ஒரு பகுதி இருக்கிறது. ஒரு நாள் இரவு கூடத்தில் பாய் போட்டு மூச்சுப் பயிற்சி செய்து கொண்டிருந்தேன். என் மாமியார் சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். வயது எழுபத்து நாலு.

"ஏம்மா, இது எதுக்கு?" என்றார்.

நாத்தனாரிடம் சொன்ன மாதிரி "இடுப்பு வலிக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ அன்றைக்குப் பொய் வரவில்லை. உள்ளபடியே சொன்னேன். வெகு நேரம் அவர் பேசவில்லை.

"உன் வீட்டுக்காரன் பிறந்ததிலிருந்து எனக்கும் இருக்கு" என்றார் மெல்ல.

என் வீட்டுக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு!

"அத்தை! யாரிடமும் சொல்லவில்லையா?"

"யாரிடம் சொல்றது? எங்க அம்மாகிட்டே ஒரு தடவை சொன்னேன். 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்றாள். அவளுக்கும் இருந்திருக்கும்."

நான் வலியை மூன்று வருஷம் மூடி வைத்ததைப் பெரிய சாதனையாக நினைத்திருந்தேன். அதே கூரையின் கீழ், அதே வலியை, ஒருவர் ஐம்பத்திரண்டு வருஷம் மூடி வைத்திருக்கிறார். நாங்கள் இருவரும் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்கியவர்கள்!

அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அந்த வயதுக்குத் தக்க பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷத்து இறுக்கம் ஒரே நாளில் தளருமா? "ராத்திரி இரண்டு தடவை முழிப்பு வரும், இப்போ ஒரு தடவைதான்" என்கிறார். அது போதும் என்கிறார்.

போன பௌர்ணமிக்கு நாத்தனார் வந்தாள். 14 கிலோ மீட்டரும் நடந்து முடித்தேன். "பார்த்தீர்களா அண்ணி? எல்லாம் இடுக்குப் பிள்ளையார் மகிமை" என்றாள். நான் மறுக்கவில்லை. பிள்ளையார் கோயிலில் கேட்ட வார்த்தையின் அர்த்தம் வேலூரில்தானே எனக்குப் புரிந்தது? இரண்டு பேருக்கும் பங்கு இருக்கட்டும். திரும்பி வந்ததும் அவளைத் தனியே அழைத்து, வலி எங்கே இருந்தது என்று முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். அவள் வாயாடி. அன்றைக்கு மட்டும் ஒன்றும் பேசாமல், சற்று நேரம் என் கையைப் பிடித்துக் கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணி, அந்த வேலூர் விலாசத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்" என்றாள்.